பொருந்தாத தலை

க்ளைவ் ஹாரப்பின் கேரேஜ் கதவில் யாரோ சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்தார்கள்: 'அவளை எங்கே புதைத்தாய்?'

அவன் அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறான். எழுத்துகள் மங்கியதுதான் மிச்சம். மழையில் சாயம் ஒழுகிக் கதவின் அடிவரை வந்திருந்தது.

"எழுத்துப் பிழையே இல்ல, பாஸ். நம்ம பர்னில இது அபூர்வம்," என்றான் மெர்வ்.

லோர்னா ப்ராக்டர் சிரிக்கவில்லை. போலீஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது பர்னி என்ற சின்ன ஊரின் துறைமுகத்துக்கு எதிரே, ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். சிரிப்பதை மெர்விடம் ஒப்படைத்துவிட்டிருந்தாள். மெர்வ் அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவது, போன் பேசுவது, வாய் ஓயாமல் இருப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் க்ளெனிஸ் என்ற பெண். நரைத்த கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாள். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து சொன்னாள்: "என் தங்கச்சி ரோவீனாவைக் காணோம். அவ புருஷன் கொன்னுட்டான். போலீஸ்ல போய்ச் சொன்னா, அவ இஷ்டப்பட்டுத்தான் போயிருக்கா, கவலைப்படாதீங்கன்னு அனுப்பிடறாங்க. நீங்க தேடிக் குடுங்க. உடம்பு கிடைச்சாலும் சரி."

போகும்போது வாசலில் நின்று, இன்னொன்றும் சொன்னாள். "என் பேரை அவன்கிட்ட எடுக்காதீங்க. அவனுக்கு என்னைக் கண்டா ஆகாது."

க்ளைவ் கதவைத் திறந்தான். ஆறடிக்கு மேல் உயரம், ரொட்டிக் கம்பெனிச் சட்டை, தூக்கமில்லாத கண்கள். மேற்குக் கரை ஊர்களுக்கு ரொட்டி வேன் ஓட்டுகிறவன்.

"பேப்பரா, போலீஸா?"

"ரெண்டும் இல்ல. ரோவீனா மேல அக்கறை உள்ளவங்க அனுப்பினாங்க," என்றாள் லோர்னா.

அவன் முகம் மரக்கட்டை மாதிரி ஆயிற்று. "அப்படி யாரும் இல்லையே. அவ குயின்ஸ்லாந்து போயிருக்கா. வெயில் காய. குளிர் போனதும் வருவா."

"போன்ல பேசினீங்களா?"

"அவ போன் எடுத்துட்டுப் போகல."

"ஐயா, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று குறுக்கே விழுந்தான் மெர்வ். "காலையில இருந்து மழை, காலையில இருந்து காபி. ரெண்டுக்கும் சேர்ந்து ஒரே வழிதான்."

க்ளைவ் கையைக் காட்டினான்.

பாத்ரூமில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் ஒரே ஒரு சாதாரண பிரஷ், புயலில் மாட்டிக்கொண்ட குடை மாதிரி மயிர் விரிந்து நின்றது. பிளக் பாயின்ட்டுக்குக் கீழே பலகையில் வெள்ளையாக ஒரு வட்டக் கறை. பேஸ்ட் சொட்டிச் சொட்டி, ஏதோ ஒரு பொருளைச் சுற்றிக் காய்ந்த கறை. அந்தப் பொருள் இப்போது அங்கே இல்லை.

மெர்வ் சமையலறைக்குத் திரும்பியபோது லோர்னா குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். க்ளைவ் குழாய்ப் பக்கம் திரும்பினான். ஃபிரிட்ஜின் மேல் ஒரு பாக்கெட் கிடந்தது. எலெக்ட்ரிக் பிரஷ்ஷுக்கு மாற்றிப் போடுகிற தலைகள். வட்டமாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தன. பாக்கெட் ஓரத்தில் கிழிக்கப்பட்டிருந்தது. லோர்னா கை நீட்டியதையும் எடுத்ததையும் மெர்வ் பார்த்தான். தண்ணீரோடு க்ளைவ் திரும்பியபோது அவள் இரண்டு கைகளும் மேஜை மேல் இருந்தன.

"நீங்க எங்களுக்கு உதவி பண்ணலாம்," என்றாள்.

"நீங்க எனக்கு உதவி பண்ணணும்னா ஒண்ணு பண்ணுங்க," என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. "தேடாதீங்க."

காருக்குள் வந்ததும் மெர்வ் ஹீட்டரைப் போட்டான். "முடிஞ்சுது பாஸ். இதைவிட ஒருத்தன் எப்படி ஒத்துக்குவான்? எந்தப் பூச்செடிக்குக் கீழன்னுதான் இனிக் கேக்கணும்."

லோர்னா கோட்டுப் பையிலிருந்து ஒரு பிரஷ் தலையை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"பாத்ரூம்ல எலெக்ட்ரிக் பிரஷ் இருந்ததா?"

"இல்ல. சார்ஜர் இருந்த கறை மட்டும் இருந்தது."

"அப்ப அந்த பிரஷ்ஷும் சார்ஜரும் ரோவீனாவோட போயாச்சு. வீட்ல பிரஷ் இல்ல, ஆனா தலை இருக்கு. பாக்கெட் மேல ஸ்டிக்கர் பார்த்தியா?"

"மஞ்சக் கலர். சூப்பர் மார்க்கெட் சாமான் எல்லாத்துலயும் ஒட்டற கால்பந்து ஃபைனல் டிக்கெட் பரிசுப் போட்டி." மெர்வ் நிமிர்ந்தான். "பாஸ், அந்தப் போட்டி போன வாரம்தான் ஆரம்பிச்சாங்க! எனக்குத் தெரியும். அந்த ஸ்டிக்கருக்காக நான் சாப்பிட்ட சிப்ஸை வரிசையா வச்சா ஹோபார்ட் வரைக்கும் போகும்."

"ரோவீனா காணாம போனது அதுக்கு ரொம்ப முன்னாடி."

மெர்வின் வாய் திறந்தபடி நின்றது.

"பொண்டாட்டியக் கொன்னவன்," என்றாள் லோர்னா, "அவளுக்கு பிரஷ் தலை வாங்கிட்டு வரமாட்டான். அவ உயிரோட இருக்கா, மெர்வ். எங்கயோ உக்காந்து பல் விளக்கிட்டு இருக்கா. பிரஷ் தேய்ஞ்சு போச்சுன்னு இவன்கிட்ட சொல்லியிருக்கா. இவன் ஞாபகத்துல வச்சு ஏதோ ஒண்ணை வாங்கி அவகிட்ட கொண்டுபோய், அது ஏறாம திரும்பக் கொண்டுவந்திருக்கான். தப்பான தலை. கழுத்தைப் பாரு."

மெர்வ் தலையைக் கவிழ்த்துப் பார்த்தான். கைப்பிடியின் கம்பி நுழைகிற துவாரம் விரிசல் விட்டிருந்தது. யாரோ பொறுமையிழந்து பலமாக அழுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் அந்தக் கம்பியின் அச்சு பதிந்திருந்தது. வட்டமாக இல்லை. அரை நிலா மாதிரி, ஒரு பக்கம் தட்டையாக.

"இந்த அரை நிலா எந்த மாடல்ல இருக்குன்னு பார்க்கணும்," என்றாள் லோர்னா.

பர்னியின் எலெக்ட்ரிக் கடையில் ஒரு சுவர் முழுக்க பிரஷ்கள், ஒவ்வொன்றும் சங்கிலியில் கட்டப்பட்டுக் கைதிகள் மாதிரி நின்றன. லோர்னா ஒவ்வொரு கைப்பிடியிலும் இருந்த தலையைக் கழற்றிக் கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். மெர்வ் அட்டையில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான்.

"இது சுத்தற வகை, பாஸ். தலை சின்னது, பல் பல்லாப் போய் வேலை பார்க்கும். அது அதிர்ற வகை. தலை நீளம், சத்தம் கம்மி. இது அழுத்தினா சிவப்பு விளக்கு எரியும், எங்க அத்தை மாதிரி. இதைப் பாருங்க, நீங்க எப்படிப் பல் விளக்கினீங்கன்னு போன்ல படம் போட்டுக் காட்டுமாம். எங்க அம்மாவுக்கே நான் காட்டினதில்ல."

கடைப் பெண் வந்தாள். சட்டையில் 'ஷெரிடன்' என்று பெயர் குத்தியிருந்தது. "யாருக்குங்க? உங்களுக்கா?"

"ஒரு சொந்தக்காரங்களுக்கு. கைப்பிடி இருக்கு, தலை பொருந்தல," என்றாள் லோர்னா.

"எல்லாரும் அப்படித்தான். கைப்பிடியோட விலையைப் பார்த்து வாங்கிடறாங்க. ஒரு கம்பெனி தலை இன்னொண்ணுல ஏறாது. அதே கம்பெனியிலேயே புது மாடல் தலை பழசுல ஏறாது. தலை சுலபமாக் கிடைக்குதான்னு பார்த்துட்டுத்தான் கைப்பிடியே வாங்கணும்."

"கல்யாணத்துக்கும் இதே விதிதான்," என்றான் மெர்வ்.

ஷெரிடன் சிரித்தாள். லோர்னா சிரிக்கவில்லை. சுவரின் கோடியில், தள்ளுபடிக் கூடையில் கிடந்த ஒரு பச்சை நிற கைப்பிடியை எடுத்து, விரிசல் விட்ட தலையை அதன் கம்பி மேல் மெல்ல வைத்தாள். ஏறவில்லை. ஆனால் பிளாஸ்டிக்கில் இருந்த அரை நிலாவும் கம்பியின் அரை நிலாவும் மயிரிழை பிசகாமல் ஒட்டின.

"அது லூமெரா," என்றாள் ஷெரிடன். "அதிர்ற வகை. நல்ல பிரஷ்தான், ஆனா கம்பெனியே அந்த மாடலை நிறுத்திட்டாங்க. தலை எங்ககிட்ட வர்றதில்ல. சில மருந்துக்கடையில சொல்லி வச்சா வரவழைச்சுக் குடுப்பாங்க."

வெளியே வந்ததும் லோர்னா சொன்னாள். "கேரேஜ்ல அப்படி எழுதின ஊர்ல, க்ளைவ் பொண்டாட்டி பிரஷ்ஷுக்குத் தலை தேடி மறுபடியும் அலையமாட்டான். அவ இருக்கிற ஊர்லயே சொல்லி வச்சிருப்பா. அது அவன் ரொட்டி வேன் போற வழியிலதான் இருக்கும்."

மெர்வ் போனை எடுத்தான். டல்லா, ரோஸ்பெரி, சீஹன், குயின்ஸ்டவுன் என்று அந்த வழியில் இருக்கிற ஊர்களில் ஒவ்வொரு மருந்துக்கடையாகத் தேடிப் பிடித்தான். ஒவ்வொருவரிடமும் ஒரே கதை. அத்தைக்கு லூமெரா பிரஷ், தலை கிடைக்காமல் அத்தை குடும்பத்தையே கடித்துக் குதறுகிறாள். சீஹன் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"ஆச்சரியமா இருக்கு! வருஷக்கணக்கா யாரும் கேட்டதில்ல. இப்பதான் இங்க ஒரு அம்மாவுக்கு அதே தலை வரவழைச்சு வச்சிருக்கேன். இன்னிக்கு மத்தியானம் வந்து வாங்கிக்குவாங்க. உங்க அத்தைக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று மெர்வ் போனை வைத்தான். "பாஸ், சீஹன்."

லோர்னா பெட்ரோல் போட இறங்கினாள். அந்த நேரத்தில் மெர்வ் க்ளெனிஸைக் கூப்பிட்டான். நல்ல செய்தியைத் தாமதப்படுத்தக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. உடம்பு கிடைத்தாலும் போதும் என்று சொன்னவளுக்கு, தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று சொல்வதைவிடச் சந்தோஷமான வேலை வேறென்ன?

டல்லாவைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. மலை எது, வானம் எது என்று தெரியவில்லை. ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்த வாலபி என்ற குட்டிக் கங்காரு மேல் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. கார் பக்கத்தில் போயும் அவை நகரவில்லை. தாதுப் பாறை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து, கண்ணாடி முழுக்கச் சேற்றை அடித்துவிட்டுப் போயிற்று.

மெர்வ் காகிதப் பையைப் பிரித்து சிப்பி இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியைக் கடித்தான். "க்ளெனிஸுக்கும் ஒரு வழியா நிம்மதி," என்றான் வாய் நிறைய.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேனே, பர்னில இருந்து கிளம்பறப்ப. தங்கச்சி உயிரோட இருக்கா, சீஹன்ல மருந்துக்கடைக்கு வருவான்னு."

"என்ன சொன்னாங்க?"

"பெரிசா ஒண்ணும் சொல்லல. அவ தனியா இருக்காளான்னு கேட்டாங்க."

"நல்லா இருக்காளான்னு கேட்டாங்களா?"

மெர்வ் மெல்லுவதை நிறுத்தினான். "இல்ல."

"அழுதாங்களா?"

"இல்ல."

"தனியா இருக்காளான்னு மட்டும்தான் கேட்டாங்களா?"

"ஆமா, பாஸ். அது மட்டும்தான்."

"நிறுத்து. நான் ஓட்டறேன்," என்றாள் லோர்னா. கார் அவள் கைக்கு மாறியதும் வளைவுகள் வேகமாக வரத் தொடங்கின. மெர்வ் பையை மடித்துக் காலடியில் வைத்தான்.

சீஹனின் பிரதானத் தெரு மழையில் காலியாகக் கிடந்தது. மருந்துக்கடைக்கு எதிரே காரை நிறுத்திக் காத்திருந்தார்கள். கடைசியில் பழுப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தாள். உள்ளே போனாள். சின்னக் காகிதப் பையோடு வெளியே வந்து, தெருவின் இரு பக்கமும் பார்த்த பிறகே நடக்கத் தொடங்கினாள்.

லோர்னா இறங்கி, கைகள் இரண்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள். "ரோவீனா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தமே இல்லை.

"பயப்படாதீங்க. உங்களைத் தேடச் சொன்னாங்க. உங்க அக்கா க்ளெனிஸ்."

"எனக்கு அக்காவே கிடையாதே," என்றாள் ரோவீனா.

மழை கார்க் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. காருக்குள் உட்கார்ந்திருந்த மெர்வுக்கு, திறந்த ஜன்னல் வழியாக அந்த ஒரு வாக்கியம் தெளிவாகக் கேட்டது.

"கார்ல ஏறுங்க," என்றாள் லோர்னா. "நான் முன்னாடி போலீஸ்ல இருந்தவ. நீங்க ஏறணும், இப்பவே."

பின் சீட்டில் உட்கார்ந்து ரோவீனா வேகமாகச் சொன்னாள். க்ளைவைக் கல்யாணம் செய்வதற்கு முன் அவள் ஹோபார்ட்டில் மீன் கடையில் வேலை பார்த்தாள். கடை ஜன்னலிலிருந்து, ஒருவன் இன்னொருவனை அடித்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளுவதைப் பார்த்தாள். தள்ளியவன் கிரெய்க் கார்வி. விழுந்தவன் பிணமாகத்தான் மேலே வந்தான். அவள் சாட்சியில் கிரெய்க் உள்ளே போனான். இப்போது அந்தத் தீர்ப்பை மேல் கோர்ட் ரத்து செய்துவிட்டு, மறுபடி விசாரிக்கச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை அவள் மறுபடி கூண்டில் ஏற வேண்டும். அவளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

"வீட்டுக்குப் பேரில்லாத போன் வர ஆரம்பிச்சுது. விசாரணை வரைக்கும் எங்கயாவது கண்ணுல படாம இருங்கன்னு போலீஸே சொல்லிச்சு. நான் எங்க இருக்கேன்னு க்ளைவுக்கு மட்டும்தான் தெரியும். ஊர்ல அவரை என்னென்னவோ பேசறாங்களாம். பேசட்டும், நீ உயிரோட இருந்தாப் போதும்ங்கறார்." ரோவீனா நிமிர்ந்தாள். "உங்களை அனுப்பினவங்க எப்படி இருப்பாங்க?"

"நரைச்ச முடி," என்றான் மெர்வ். "ஒத்தைப் பின்னல். நேரா உக்காருவாங்க."

"அது கிரெய்க்கோட அம்மா," என்றாள் ரோவீனா. "கோர்ட்ல தினமும் என் எதிரே உக்காந்திருந்தாங்க."

போன் செய்தது மெர்வ். ஊரைச் சொன்னது அவன். கடையைச் சொன்னதும் அவன்தான்.

"கீழ படுங்க, ரோவீனா," என்றாள் லோர்னா. குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் திறந்த தட்டு வைத்த வெள்ளி நிற யூட் வண்டி ஒன்று தெரு முனையில் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு கடையாகப் பார்த்தபடி வந்தது.

பின் சீட்டில் எப்போதும் மெர்வின் நாய்ப் போர்வை கிடக்கும். ரோவீனா கால் வைக்கும் பள்ளத்தில் சுருண்டாள். மெர்வ் கையைப் பின்னால் விட்டுப் போர்வையை இழுத்து அவள் மேல் போட்டான். சரியாக மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. யூட் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

க்ளெனிஸ் இறங்கினாள். குடை இல்லை. நேராக மெர்வ் பக்கம் வந்து, விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினாள். அவன் அதைப் பாதி இறக்கினான்.

"எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க," என்றாள்.

"வந்து என்ன புண்ணியம்? உங்க தங்கச்சி எங்களுக்கும் முன்னாடி வந்துட்டுப் போயிட்டாங்க." தன் குரல் வழக்கம்போல இருப்பது மெர்வுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஸ்ட்ரான் பக்கம் போற வண்டி ஒண்ணுல ஏறினாங்களாம். மருந்துக்கடைக்காரர் சொன்னார்."

"தனியாவா?"

"கூட ஒரு பிரஷ் மட்டும்."

அவள் சிரிக்கவில்லை. பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. பார்வை அவனைத் தாண்டிப் பின் சீட்டுக்குப் போயிற்று.

"அது என்ன?"

"எங்க வீட்டு நாயோட போர்வை. பேரு மேயர். நாள் முழுக்கத் தூங்குவார், அதான் அந்தப் பேரு. கிட்ட வராதீங்க, அந்த நாத்தத்தோட ஊருக்குத் திரும்பணுமேன்னுதான் நாங்களே மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கோம்."

"மேயர் எங்க?"

"வீட்ல. தேர்தல் வருதில்ல, ஓய்வெடுக்கறார்."

மெர்வ் சிரித்தான். தனியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தான். லோர்னாவின் கை சாவி மேல் அசையாமல் இருந்தது.

க்ளெனிஸ் உள்ளங்கையை ஈரமான கண்ணாடி விளிம்பில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தது போல அவனுக்கு இருந்தது. பிறகு எடுத்தாள்.

"ஸ்ட்ரான் பக்கமா?"

"ஸ்ட்ரான் பக்கம்தான்."

அவள் திரும்பிப் போய் யூட்டில் ஏறினாள். கொஞ்ச நேரம் வண்டி கிளம்பவில்லை. பிறகு கிளம்பி, தெற்கே ஸ்ட்ரான் ரோட்டில் மழைக்குள் மறைந்தது.

லோர்னா எதிர்த் திசையில் காரை விட்டபடியே போலீஸுக்குப் போன் செய்தாள். யூட்டின் நம்பரைச் சொன்னாள். சீஹன் பின்னால் போய் மறைந்த பிறகும் போர்வை அசையவில்லை.

"என்னாலதான், பாஸ்," என்றான் மெர்வ்.

"நானும்தான் அவளை நம்பினேன்," என்றாள் லோர்னா.

ஸ்ட்ரானைத் தாண்டி, ரோடு முடிகிற கடற்கரையில் யூட்டைக் கண்டுபிடித்ததாக போலீஸிடமிருந்து தகவல் வந்தது. ஜூன் கார்வி, அதுதான் அவள் உண்மைப் பெயர், ஓடப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் கேட்பதற்கு முன்னால், சீட்டுக்குப் பின்னால் கிடந்த வேட்டைத் துப்பாக்கியை அவளே எடுத்துக் கொடுத்தாளாம். அதில் குண்டு போட்டிருந்தது.

வாக்குமூலம் கொடுக்க எல்லாரும் குயின்ஸ்டவுன் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். ஒரு அறையில் ரோவீனா, கையில் டீக் கோப்பையோடு. இன்னொரு அறையில் ஜூன் கார்வி. அவள் மெர்வைப் பார்க்க வேண்டும் என்றாள். லோர்னா தலையசைத்ததும் அவன் உள்ளே போனான். ஒரு போலீஸ்காரர் கதவோரம் நின்றார்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரல, மெர்வ்," என்றாள் ஜூன்.

அவன் மேஜைக்கு எதிரே வந்து நின்றான்.

"போர்வை முழுசா மூடல. ஒரு கால் வெளிய இருந்தது. செருப்பு கழண்டு, சிவப்புக் காலுறையோட."

"பார்த்தீங்களா?" என்றான் மெர்வ்.

"பார்த்தேன். அந்தக் கால் நடுங்கிட்டே இருந்தது." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "வண்டிக்குத் திரும்பினது துப்பாக்கியை எடுக்கத்தான். எடுத்து மடியில வச்சுட்டேன். இத்தனை வருஷமா அவ எனக்கு ஒரு வாய். என் பையனை உள்ள தள்ளின வாய். அதுக்கு ஒரு கால் இருக்கும், அந்தக் காலு இப்படி நடுங்கும்னு நான் நினைச்சே பார்க்கல. அப்புறம் என்னால இறங்க முடியல. துப்பாக்கியைப் பின்னால போட்டுட்டுச் சாவியைத் திருப்பிட்டேன். அவ்வளவுதான்."

எந்த இழவு வீட்டிலும் ஒரு வார்த்தை தேடிப் பிடித்துவிடுகிற மெர்வ், கதவைத் தேடிப் பிடித்து வெளியே வந்தான்.

ரோவீனாவிடம் சொல்வதா வேண்டாமா என்று லோர்னாவைப் பார்த்தான். "சொல்லிடு," என்றாள் லோர்னா. "அவளைப் பத்தின விஷயம். அவகிட்ட மறைக்க நாம யாரு?"

அவன் சொன்னான். கூட்டாமல் குறைக்காமல், துப்பாக்கி மடியில் இருந்தது வரைக்கும் சொன்னான். ரோவீனா கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெளியே ரொட்டி வேன் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. க்ளைவின் குரல் யாரிடமோ வழி கேட்டது.

"அந்த அம்மாவுக்கு வக்கீல் இருக்காரா?" என்றாள் ரோவீனா.

"என்னது?"

"வக்கீல். இருக்காரான்னு கேளுங்க." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "திங்கக்கிழமை நான் அவங்க பையனைப் பத்திச் சொல்லத்தான் போறேன். ஒரு வார்த்தை குறைக்கமாட்டேன். அன்னிக்குத் தண்ணியில விழுந்தவனுக்கும் அம்மா இருந்தாங்க. ஆனா இவங்க வழக்கு வர்றப்ப என்னைக் கூப்பிட்டா, அதையும் வந்து சொல்லுவேன். என்னைக் கொல்ல வந்தாங்க, கொல்லாம திரும்பிப் போனாங்கன்னு ரெண்டையும் சொல்லுவேன்."

க்ளைவ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

திங்கட்கிழமை ஹோபார்ட்டில் அவள் கூண்டில் ஏறி, மீன் கடை ஜன்னலிலிருந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். கிரெய்க் கார்வி மறுபடியும் சிறைக்குப் போனான். வசந்தம் வந்ததும் பர்னியில் ஜூன் கார்வியின் வழக்கு நடந்தது. ஜூனின் வக்கீலே ரோவீனாவைச் சாட்சியாக அழைத்தார். அவள் வந்தாள். தன்னைக் கொல்ல வந்ததையும் கொல்லாமல் போனதையும் ஒரே குரலில், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு இறங்கினாள்.